சர்வே எண் காட்டும் வழி: அரசு ஆவணங்களில் குடும்ப வரலாறு தேடுவது எப்படி

என் பூட்டனார் பெயர் எனக்குத் தெரியும். எங்கள் அண்ணனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய மனைவியின் பெயரை வீட்டில் யாரைக் கேட்டும் கிடைக்கவில்லை. எல்லோரும் அவரை ஆத்தா என்றுதான் கூப்பிட்டார்கள் என்றார் பெரிய அத்தை. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு பெண்ணின் பெயர் நான்கு தலைமுறைக்குள் அழிந்துவிட்டிருந்தது. அந்தப் பெயரைத் தேடிப் புறப்பட்டதில்தான் வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம் எல்லாம் எனக்குப் பழக்கமாயின. புதிதாகத் தொடங்குகிறவர் என்னைப் போல ஆறு மாதத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் வீணாக்கிய காரணம் எளிது. நேராகக் காப்பகத்துக்குப் போய், பூட்டனார் பெயரைச் சொல்லி, இவரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அரசு தன் ஆவணங்களைக் குடும்பம் குடும்பமாக அடுக்கி வைக்கவில்லை. வரி வாங்க நிலத்தை அளந்தது; பத்திரத்தைப் பதிந்தது; கப்பலில் ஏறியவரை எண்ணியது. ஆகவே கட்டுகளெல்லாம் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், ஆண்டு என்றுதான் அடுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் முன்னோர் எந்தக் கிராமத்தில், எந்த நிலத்தில், எந்த ஆண்டில் இருந்தார் என்பது தெரிந்தால் கதவு திறக்கும். வெறும் பெயரை வைத்துக்கொண்டு போனால் திறக்காது.

முதலில் வீட்டுப் பரண்

எந்த அலுவலகத்துக்கும் போகும் முன், ஒரு மாதத்தை வீட்டுக்கும் உறவினர்களுக்கும் கொடுங்கள். தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்கள், கிஸ்தி ரசீதுகள், ஜாதகக் குறிப்புகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டை மறந்துவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்து மொய் எழுதினார் என்பது அன்றைய உறவு வட்டத்தின் வரைபடம். பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் எவை என்பதை அது காட்டிவிடும்.

பெரியவர்களிடம் பெயர் மட்டும் கேட்காதீர்கள், பெயர் மறந்துபோகும். எந்த வயலில் உழுதார்கள், அந்த வயலை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், கிணறு யாரோடு பங்கு, குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். இப்போது வாழும் ஊரை விட்டு வெகுதூரத்தில் குலதெய்வக் கோயில் இருந்தால், குடும்பம் ஒரு காலத்தில் அங்கிருந்து இடம்பெயர்ந்திருக்கலாம். சான்று என்று அதைச் சொல்ல முடியாது. தேட வேண்டிய இடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஊர் அன்று எந்த மாவட்டத்தில் இருந்தது?

பலரும் தடுக்கி விழும் இடம் இது. இன்றைய மாவட்டப் பெயரைச் சொல்லி 1880ஆம் ஆண்டுக் கட்டைக் கேட்டால் கிடைக்காது. ராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. கரூர் வட்டம் அதே 1910 வரை கோயம்புத்தூரில் இருந்தது. தருமபுரி 1965 வரை சேலம். ஈரோடு 1979 வரை கோயம்புத்தூர். தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்தவை. அவற்றின் பழைய ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் கண்டுபிடியுங்கள்: உங்கள் ஊர் ரயத்துவாரி ஊரா, ஜமீன் ஊரா, இனாம் (மானிய) ஊரா? ரயத்துவாரி ஊரில் அரசு நேராக உழவரிடம் வரி வாங்கியது. எனவே உழவர் பெயர் அரசுப் பதிவேட்டிலேயே இருக்கும். ஜமீன் ஊரில் அரசுக்கும் உழவருக்கும் இடையே ஜமீன்தார் இருந்தார்; 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, நிலத்துக்கு வரி நிர்ணயிக்கும் நிலவரித் திட்டம் நடந்த பிறகுதான் அங்கே பெரும்பாலும் உழவர் பெயர்வாரியான அரசுப் பதிவேடு கிடைக்கும். அதற்கு முன்னால், ஜமீன்தாரும் உழவரும் எழுதி மாற்றிக்கொண்ட பட்டா–முச்சிலிக்காக்களையும் பதிவுப் பத்திரங்களையும்தான் நம்ப வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக்காரர்கள் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

நிலத்தைப் பிடித்துப் பின்னோக்கி நடப்பது

இப்போது சர்வே எண்ணுக்கு வருவோம். குடும்ப நிலத்தின் இன்றைய பட்டாவையும், ஊர் நிலங்களைச் சர்வே எண்வாரியாகக் காட்டும் 'அ' பதிவேட்டையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே பார்த்துவிடலாம். நிலம் எப்போதோ கைமாறிப் போயிருந்தாலும் பரவாயில்லை. அது எந்தப் புலம் என்று ஊரில் ஒருவர் காட்டினால் போதும். 'அ' பதிவேட்டில் இன்றைய எண்ணோடு பழைய சர்வே எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பழைய எண்ணை உடனே எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து படிப்படியாகப் பின்னால் போக வேண்டும். 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை எல்லோரும் யு.டி.ஆர். என்கிறார்கள். அந்தத் திட்டத்தில் அப்போது நிலத்தை அனுபவித்தவர் பெயர் ஏறியது. அதற்கு முந்தையது மறுநிலவரித் திட்டப் பதிவேடு. அதற்கும் முந்தையது முதல் நிலவரித் திட்டப் பதிவேடு. பத்திர எழுத்தர்களும் நில அளவையர்களும் இவற்றை எஸ்.எல்.ஆர். (நிலவரித் திட்டப் பதிவேடு), ஆர்.எஸ்.எல்.ஆர். (மறுதிட்டப் பதிவேடு), ஓ.எஸ்.ஆர். (பழைய திட்டப் பதிவேடு) என்று எழுத்துச் சுருக்கமாகவே சொல்வார்கள். பல மாவட்டங்களில் முதல் நிலவரித் திட்டம் 1860களிலிருந்து நடந்தது. பொதுவாக முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுதிட்டம் வந்தது. ஒவ்வொரு பதிவேட்டிலும் உங்கள் புலத்துக்கு எதிரே பட்டாதாரர் பெயர் இருக்கும். முப்பது ஆண்டு இடைவெளி என்றால் ஏறக்குறைய ஒரு தலைமுறை. ஒரே புலத்துக்கு மூன்று பதிவேடுகளில் மூன்று பெயர்கள் கிடைத்தால் மகன், தந்தை, பாட்டன் வரிசை கண்முன் நிற்கக்கூடும். அவர்கள் உண்மையிலேயே மகனும் தந்தையும்தானா, நிலத்தை விலைக்கு வாங்கியவரா என்பதைப் பத்திரம்தான் சொல்லும்.

சார்பதிவாளர் அலுவலகம்: உண்மையான புதையல்

குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு ஒரே ஓர் அலுவலகம்தான் வாய்க்கும் என்றால், எழும்பூரைக்கூட விட்டுவிட்டு நான் சார்பதிவாளர் அலுவலகத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். பட்டாவில் பெரும்பாலும் ஒரு பெயர்தான் இருக்கும். பத்திரத்தில் முழுக் குடும்பமும் இருக்கும். பழைய கிரயப் பத்திரத்தின் முதல் வரிகளைப் படித்துப் பாருங்கள்: இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார், மதம், ஜாதி, ஜீவனம் என்று எல்லாம் அடுத்தடுத்து வரும். விற்பதற்கான காரணம் வரும்: மகள் கல்யாணச் செலவு, தகப்பனார் பட்ட கடன், கிணறு வெட்டிய பாக்கி. நான்கெல்லையில் பங்காளிகள் பெயர் வரும். சாட்சிக் கையெழுத்தில் மாமன் மைத்துனர் வருவார்.

1975க்குப் பிந்தைய வில்லங்க விவரத்தை இணையத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு, அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்ததோ அங்கே தேடுதல் மனு கொடுக்க வேண்டும். கிராமப் பெயர், சர்வே எண், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எழுதுங்கள். தேடும் ஆண்டுகளுக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். எனவே பத்துப் பத்து ஆண்டாகக் கேட்பது கைக்கு அடக்கம். சர்வே எண்ணே தெரியாதவருக்கும் ஒரு வழி உண்டு. பதிவுச் சட்டப்படி அலுவலகத்தில் முதலாம் அட்டவணை ஆள் பெயர்வாரியாகவும், இரண்டாம் அட்டவணை சொத்துவாரியாகவும் வைக்கப்படுகின்றன. பெயரைக் கொண்டு தேடச் சொல்லி மனு கொடுக்கலாம் என்பது பலருக்கும் தெரியாது.

மூன்று வகைப் பத்திரங்களை முதலில் தேடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் முதலாவது. அண்ணன் தம்பிகள் அனைவரும் ஒரே தாளில் தந்தை பெயரோடு நிற்பார்கள். அடுத்தது செட்டில்மென்ட் பத்திரம். மகளுக்கும் மருமகளுக்கும் எழுதிக்கொடுத்தவை இதில் அதிகம். மூன்றாவது உயில். பதிவு செய்யப்பட்ட உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாருக்கும் நகல் கிடையாது. அவர் இறந்த பிறகு மனு செய்யும் எவருக்கும் நகல் தர வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. கவுண்டரில் தயங்கினால் இந்தப் பிரிவைப் பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள்.

பூட்டியின் பெயர் எனக்குக் கிடைத்ததும் இந்த வகையில்தான். 1920களில் மகன்கள் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், தாயாருக்கு ஆயுள் உள்ளவரை ஜீவனாம்சத்துக்கு விட்ட ஒன்றரை ஏக்கர் புஞ்சை என்று ஒரு பத்தி. அதில் அவருடைய பெயர் முழுதாக இருந்தது. கீழே கைநாட்டு என்று எழுத்தர் குறித்திருந்தார். அந்த நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதே பயணத்தில் பிறப்பு இறப்புப் பதிவையும் பார்த்துவிடலாம். சென்னை மாகாணத்தில் 1899இலேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. ஊர்களில் கிராம முன்சீப் எழுதி வைத்தார். பழைய பதிவேடுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. ஆண் குழந்தை, தந்தை பெயர், தேதி என்று மட்டும் இருக்கும். ஆகவே தந்தை பெயரைக் கொண்டு தேடுங்கள். எல்லாப் பிறப்பும் பதியப்படவில்லை என்பதால் காணவில்லை என்றால் கலங்க வேண்டாம்.

எழும்பூர்

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில் 1909இல் எழுந்த சிவப்புக் கட்டடம் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முன்பு அதன் பெயர் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ். 1670ஆம் ஆண்டு முதலான ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. டச்சு, டேனிஷ் மொழிக் கட்டுகளும் உண்டு. குடும்ப வரலாற்றுக்கு வேண்டியவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வருவாய்த் துறைக் கட்டுகள்.

போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டு, வேலை நாள், நேரம், அனுமதிக்கு வேண்டியவை ஆகியவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டை, புகைப்படம், எதைத் தேடுகிறீர்கள் என்று சொல்லும் ஒரு பக்க விண்ணப்பம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். கிராமம், அன்றைய தாலுகா, அன்றைய மாவட்டம், பழைய சர்வே எண் ஆகிய நான்கும் விண்ணப்பத்தின் தலைப்பிலேயே இருக்கட்டும். உள்ளே போனதும் ஆவணத்தைக் கேட்காதீர்கள். அட்டவணைத் தொகுதியைக் கேளுங்கள். ஆண்டுவாரியான அட்டவணையில் அரசாணை எண், தேதியைக் கண்டுபிடித்து, கோரிக்கைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கட்டு வரும். அதே நாளில் வராமலும் போகலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குறைந்தது மூன்று நாள் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் முதலில் கேட்கச் சொல்வது இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், வரியில்லா மானிய நிலங்களை ஊர் ஊராக விசாரித்து எழுதியது. கோயில் மானியம், சத்திர மானியம் மட்டும் இதில் அடங்கவில்லை. கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், மேளக்காரர், தேவதாசி என்று ஊருக்கு ஊழியம் செய்தவர்களின் மானியங்களும் அடக்கம். முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு வயது என்ன, முதல் மானியதாரருக்கு என்ன உறவு என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. 1860 வாக்கில் அறுபது வயதான ஒருவருடைய பாட்டன் பெயர் கிடைத்துவிட்டால் பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் காலடி வைத்துவிட்டீர்கள் என்று பொருள். நிலவரித் திட்டப் பதிவேட்டில் உங்கள் புலத்துக்கு எதிரே டைட்டில் டீடு எண் என்று ஏதாவது இருந்தால், அது இனாம் நிலம்; அந்த எண்ணைக் கொண்டே இந்தப் பதிவேட்டில் தேடலாம்.

முன்னோர் அரசு வேலையில் இருந்திருந்தால் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழைப் பாருங்கள். நியமனமும் மாறுதலும் அதில் வெளியாயின. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடி நேரம் போக்க வேண்டாம். மேலை நாடுகளில் போல ஆள் பெயர்வாரியான பழைய படிவங்கள் நமக்குக் கிடைப்பதில்லை, எண்ணிக்கைதான் கிடைக்கும்.

பழைய எழுத்தைப் படிக்க

தேதி பலரைக் குழப்பும். வருவாய்க் கணக்கு பசலி ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. அந்த ஆண்டு ஜூலை 1 தொடங்கி அடுத்த ஜூன் 30 வரை ஒரு பசலி. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. குமரி மாவட்ட ஆவணத்தில் கொல்லம் ஆண்டு வரும். 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். பத்திரங்களில் ஹேவிளம்பி, விளம்பி என்று தமிழ் ஆண்டுப் பெயர் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால், ஹேவிளம்பி 1897ஆ 1957ஆ என்பதை முத்திரைத் தாளையும் நாணய மதிப்பையும் பார்த்துத் தீர்மானியுங்கள்.

எழுத்தர்கள் சுருக்கக் குறிகளை நிறையப் பயன்படுத்தினார்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. கடைசிக் குறியை ஷை என்று வாசிப்பார்கள். 'ஷையார்' என்றால் மேற்படியார். தமிழ் எண்களையும் காணி, மா, வீசம் முதலிய பின்னங்களையும் ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும். ஆங்கிலக் கட்டுகளில் ஊர்ப்பெயர்கள் உருமாறிக் கிடக்கும்: திருநெல்வேலி டின்னவெல்லி ஆகும், திருச்சிராப்பள்ளி டிரிச்சினாபொலி, காஞ்சிபுரம் கான்ஜீவரம், செங்கல்பட்டு சிங்கிள்புட். சத்தமாக வாசித்துப் பாருங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

நிலமில்லாதவர்களின் பேரர்களுக்கு

இதுவரை சொன்னது நிலம் வைத்திருந்தவர்களுக்கும் மானியம் பெற்றவர்களுக்கும் பொருந்தும். பண்ணையாளாகவும் கூலியாகவும் இருந்தவர்களை அரசு ஏடு பெரும்பாலும் பெயர் சொல்லி எழுதவில்லை. இது ஏட்டின் குறை. அந்தக் குடும்பங்களுக்கு வரலாறு இல்லை என்று ஆகிவிடாது. அவர்களுக்கென்று சில தடங்கள் உண்டு.

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் அந்தப் புலங்களுக்கு எதிரே டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம் என்ற குறிப்போடு பெற்றவர் பெயரைக் காணலாம். பல குடும்பங்களுக்குப் பெயரோடு கிடைக்கும் முதல் அரசுத் தடயம் இதுவாக இருக்கும். உரிமைக்கும் அது ஆதாரம் என்பதால் சான்றிட்ட நகலாகவே வாங்கி வையுங்கள்.

அடுத்த தடம் கப்பல். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று எழுதப்பட்டிருக்கிறது. நிலமுள்ளவருடைய பட்டாவில்கூட இவ்வளவு விவரம் இல்லை. நேட்டால் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்திலும், மொரீஷியஸ் பதிவேடுகள் மோக்கா நகரின் மகாத்மா காந்தி நிறுவனத்திலும், பிஜிக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. மொரீஷியஸ் பதிவுகள் சிலவற்றில் ஆளின் புகைப்படமே உண்டு. சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல் 1903இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய தமிழ் முன்னோரை அங்கே தேட வேண்டாம். கங்காணி என்னும் மேஸ்திரி ஆள் சேர்த்து அழைத்துப்போகும் முறையில் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களுக்கு இத்தனை விரிவான தனியாள் பட்டியலை எதிர்பார்க்க முடியாது.

அங்கிருந்து இங்கே தேடுகிறவர்களுக்கு ஒரு சொல்: பட்டியலில் உள்ள கிராமப் பெயர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. மூன்சாமி என்றிருந்தால் முனுசாமி, கவண்டர் என்றிருந்தால் கவுண்டர். முதலில் தாலுகாவை உறுதி செய்துகொண்டு, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து, ஒலி ஒத்துவரும் ஊர்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் கொடுத்துவைத்தவை. பிரெஞ்சு நிர்வாகம் 1880இல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவை உள்ளூர் மக்களுக்கும் விரித்தது. அந்தக் காலப் பதிவேடுகள் பலவற்றைப் பிரான்சின் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

குறித்து வைப்பதில் கண்டிப்பு

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள்: எந்த அலுவலகம், எந்தப் பதிவேடு, தொகுதி, பக்கம், பார்த்த தேதி. தேடிக் கிடைக்காததையும் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு ஆண்டு கழித்து அதே கட்டை மறுபடி கேட்பீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது நம் வழக்கம், ஏனென்றால் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிறோம். தந்தை பெயர், புலம், காலம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் உங்கள் ஆள் என்று கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் பெயரின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பதிவேட்டுக்குப் போங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் விவரத்தையும், நடந்துகொண்டிருக்கும் சொத்து வழக்கைத் தொடும் எதையும் பொதுவில் போடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் உடனே காட்டுங்கள். நான் அந்தப் பாகப்பிரிவினை நகலைக் கொண்டுபோய்ப் பெரிய அத்தையிடம் பூட்டி பெயரை வாசித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், அந்தப் பெயரில் ஒரு பசு வீட்டில் இருந்ததாகவும், அதை அடிக்கக் கூடாது என்று தன் அப்பா சொல்லுவார் என்றும் சொன்னார்.